பதினாலு வீட்டுப் பட்டினி

நசோம்பே ஊரில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கிற பெரிய கறையான் புற்று. அதன்மேல் ஏறி முலஞ்சே மலையைப் பார்த்து நின்றால் பேச்சு கேட்கும். ஓரடி இந்தப் பக்கம் நகர்ந்தால் அறுந்துபோகும். காதல் பேசுகிறவளும் அங்கேதான் நிற்க வேண்டும், சாவுச் சேதி சொல்கிறவனும் அங்கேதான் நிற்க வேண்டும். காற்று பலமாக அடிப்பதால் கத்தித்தான் பேச வேண்டும். ரகசியம் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அந்த ஊரில் பிறந்திருக்கவே கூடாது.

பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தூறலில் நனைந்துகொண்டு, தமந்தானி அந்தப் புற்றின்மேல் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். திட்டியவர் டாக்டர் லோங்வே, பல்கலைக்கழகத்துப் பேராசிரியை.

"இருபது வீட்டுல பதினாலு வீடு முந்தின நாள் ஒண்ணுமே சாப்பிடலைன்னு எழுதி அனுப்பியிருக்க. அப்படின்னா அங்க வரிசையா சாவு விழுந்திருக்கணுமே, தமந்தானி. எத்தனை அடக்கம்னு எழுத மறந்துட்டியா?"

"டாக்டர், அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"வெளிநாட்டுப் பிள்ளைங்க வந்து இப்படி எழுதினா மன்னிச்சிடலாம். நீ அந்த ஊர்க்காரி. வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே நிரப்பிட்டியோன்னு கமிட்டியில கேட்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"இல்ல டாக்டர், வீடு வீடா போனேன்..."

"வியாழக்கிழமை நானே வரேன். நேரா பார்த்துக்கிறேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லணும்."

தமந்தானிக்கு வயது இருபத்தேழு. விவசாயப் படிப்பு முடித்து நாலு வருஷமாகிவிட்டது. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், எல்லோரையும்போல மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. கிராமத்து மக்கள் என்ன விளைவிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது பற்றாக்குறை வருகிறது என்று ஆராய்கிற முதுகலைப் படிப்பு. படிப்புச் செலவு பல்கலைக்கழகத்துடையது. இருந்தது இரண்டே இடம். ஒன்று முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றுக்கு இவளும் லிலோங்வே பக்கத்துப் பையன் ஒருவனும் போட்டி. அவரவர் ஊரில் இருபது வீட்டுக்குப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். யார் எழுதியது சரியாக இருக்கிறதோ அவர்களுக்கு இடம். இவ்வளவு சுலபமான பரீட்சையில்தான் அவள் கவிழ்ந்து கிடந்தாள்.

படிவத்தில் முதல் கேள்வி, நேற்று சாப்பிட்டீர்களா என்பது. அதற்கு என்ன பதில் வந்தாலும் அடுத்த பக்கத்தில் இருக்கிற பட்டியலை வரிசையாகக் கேட்க வேண்டும்: இறைச்சி உண்டா, முட்டை உண்டா, பால் உண்டா, பழம் உண்டா. ஆனால் சாப்பிடவில்லை என்று ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பிறகு, அவளிடம் முட்டை உண்டா என்று கேட்க எப்படி நாக்கு வரும்? குத்திக்காட்டுகிற மாதிரி ஆகாதா? தமந்தானி மரியாதை தெரிந்தவள். பட்டியலைக் கேட்காமலே பக்கத்தைத் திருப்பிவிட்டாள். பதினாலு வீட்டிலும் அப்படித்தான் செய்தாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். உலேமு சைக்கிளில் ஆளேற்றிப் பிழைக்கிறவன். மழைக்கு அன்று சவாரி இல்லை. இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"இதுக்கா முகம் இப்படிக் கிடக்கு? பதினாலு காகிதத்துலயும் மாம்பழம்னு எழுதி விடு. பொய்யா என்ன? இந்த ஊர்ல மாம்பழம் தின்னாதவன் எவன்?"

"கேட்காம எப்படி எழுத?"

"அப்ப போய்க் கேளு. மொதல்ல மதினிகிட்டக் கேளு, அவதான் வாயைத் திறந்தா மூட மாட்டா. ஆமா, நார்வே விஷயத்தை அவகிட்டச் சொல்லிட்டியா?"

படிப்பில் முதல் ஆறு மாதம் நார்வே தேசத்தில். தமந்தானி அதை அக்காவிடம் சொல்லவில்லை. தாய் போன பிறகு அக்கா டோரிக்காவின் முதுகில் வளர்ந்தவள் அவள்.

"கிடைக்கட்டும் மொதல்ல," என்று சொல்லிவிட்டுப் படிவங்களைப் பாலிதீன் பைக்குள் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

டோரிக்கா விடிவதற்கு முன்பே எழுந்து போய் மக்காச்சோளக் காட்டில் களை வெட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். காலில் முழங்கால்வரை சேறு. சமையல் கூரைக்குக் கீழே மூன்று கல்மேல் ஒரு பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நாலு பேரும் முழங்கைவரை மாம்பழச் சாறு வழிய, கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். வருஷத்திலேயே இந்த மாதம்தான் காடு பச்சைப்பசேலென்று இருக்கும். குதிரும் காலியாக இருக்கும். மக்காச்சோளம் இப்போதுதான் குஞ்சம் விட்டிருந்தது. கதிர் முற்ற இன்னும் ஒரு மாதமாவது வேண்டும்.

"என்ன ஏட்டி, புத்துமேல நின்னு கோழி கொத்துற மாதிரி தலைய ஆட்டிக்கிட்டிருந்தியாமே? ஊரே பேசுது. உக்காரு."

"அக்கா, இன்னைக்குச் சாப்பிட்டியா?"

"எங்கிட்டுச் சாப்பிட? மாவுப் பானைய கவுத்து வச்சு ஒம்பது நாளாச்சு."

சொல்லிக்கொண்டே டோரிக்கா பானையிலிருந்து ஒரு பூசணித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றைத் தங்கச்சி கையில் கொடுத்தாள். தமந்தானியும் கடித்தாள். மாவு மாவாக, இனிப்பாக இருந்தது. பாதி மென்றபோது அவள் தாடை அப்படியே நின்றது.

"அக்கா, இது என்ன?"

"பூசணிக்கா. படிச்சுப் படிச்சுக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"இது சாப்பாடு இல்லையா?"

"சொன்னேன்ல, இது பூசணிக்கா."

"சரி, காலையில எந்திரிச்சு என்ன சாப்பிட்ட?"

"சாப்பிடலைங்கிறேன், திரும்பத் திரும்பக் கேக்கியே. மரவள்ளி ரெண்டு துண்டு வேகவச்சு டீத்தண்ணி குடிச்சேன், அவ்வளவுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"காட்டுக்குப் போற வழியில மாம்பழம் மூணு. இல்ல, நாலு."

"நேத்து?"

"நேத்தா? பக்கத்து வீட்டு மாரித்தா காளான் கொண்டாந்தா. பூசணிக் கொழுந்தைப் பறிச்சு, நிலக்கடலைய இடிச்சுப் போட்டு வச்சேன். துவரை கொஞ்சம் கிடந்துச்சு, அதை அவிச்சேன். தொட்டுக்கிற குழம்பு ரெண்டு சட்டி இருந்துச்சு, ஏட்டி, தொடுறதுக்குத்தான் ஒண்ணுமில்ல. சும்மா குடிச்சிட்டு எந்திரிச்சோம்."

அவள் சொல்லச் சொல்லத் தமந்தானி விரல் மடக்கினாள். காய்ந்த சின்ன மீன், வெள்ளரிப்பிஞ்சு, மழைக்கு முன் பிடித்து வறுத்து வைத்த ஈசல், கரும்பு ஒரு துண்டு என்று பதினோரு வகை வந்தது. போன வாரம் இதே இடத்தில் உட்கார்ந்து, இதே அக்கா உரித்துக் கொடுத்த மாம்பழத்தைத் தின்றுகொண்டே, "டோரிக்கா வீடு, சாப்பாடு இல்லை" என்று அவள் தன் கையாலேயே எழுதியிருந்தாள். அப்போது அவளுக்கு அது தப்பாகவே படவில்லை. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டித் துடுப்பால் கிண்டி இறக்கிய நிசிமா என்ற களி இலைக்கோ தட்டுக்கோ வராத நாள், அந்த ஊரில் யாருக்கும் சாப்பிடாத நாள்தான். படித்தவளுக்கும் அதேதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"அக்கா, பதினோரு வகை. பட்டணத்து ஆஸ்பத்திரியில இப்படித்தான் தின்னணும்னு படம் வரஞ்சு மாட்டி வச்சிருக்காங்க."

"படம் வரஞ்சவன் மம்பட்டி பிடிச்சிருக்கானா? மாம்பழத்தைத் தின்னுட்டு ஒரு பாத்தி வெட்டச் சொல்லு, பாப்போம். ரெண்டாவது பாத்தியில காலு பின்னும்."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ சாப்பிட்டேன்னு மாத்தி எழுதிக்கிறேன்."

டோரிக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"எழுதாத."

"அக்கா, இது தப்பா இருந்தா எனக்கு இடம் போயிரும்."

"போனாப் போகட்டும்னு சொல்லல. உனக்கு அது கிடைக்கணும்னு நான் கும்பிடாத ஞாயித்துக்கிழமை கிடையாது. ஆனா நான் சாப்பிட்டேன்னு எழுதாத. வைசன் எங்க போயிருக்கான் தெரியும்ல?"

வைசன் டோரிக்காவின் புருஷன். அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியேற வேண்டும். பெண்ணின் அண்ணன்மார், மாமன்மார் அத்தனை பேர் கண்ணும் அவன் முதுகில் இருக்கும். குதிர் எப்போது காலியாகிறது என்று வெளியே சொல்லாமல் எண்ணிக்கொண்டிருப்பார்கள். வைசன் ஒரு வாரத்துக்கு முன்பு சில்வா ஏரிக்கரை நெல் வயல்களுக்குக் கூலிக்குப் போயிருந்தான்.

"அங்க முட்டளவு சேத்துல நின்னு அட்டைக்கடி வாங்கிக்கிட்டுக் களை பறிக்கிறான். எதுக்கு? மூட்டை மக்காச்சோளத்துக்கு. எம்பொண்டாட்டி பிள்ளைங்க சாப்பிடாம இருக்குன்னுதானே போனான்? நீ பாட்டுக்குப் பதினோரு வகை தின்னோம்னு கவுருமெண்டு காகிதத்துல எழுதிட்டீன்னா, அந்த மனுசன் எதுக்குப் போனான்? ஊர் சுத்தவா?"

தமந்தானியின் கையிலேயே பூசணித் துண்டு ஆறிப்போனது. பட்டியலைக் கேட்காமல் விட்டது அவள் தப்பு. ஆனால் அக்கா சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? வயிற்றில் இத்தனை இருந்தும் ஒருத்தி சாப்பிடவில்லை என்கிறாள். அந்த இல்லாமைக்காக ஒருவன் முப்பது மைல் நடந்து போகிறான். அப்படியானால் அதுவும் கணக்கில் வர வேண்டியதுதானே என்று அவளுக்குப் பட்டது.

பாலிதீன் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். சாப்பிடவில்லை என்றிருந்த இடத்தை அடிக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு கோடு இழுத்து, "வாயில் போட்டது" என்று தலைப்புப் போட்டுப் பதினோரு பெயரையும் எழுதினாள்.

"ரெண்டையும் எழுதியிருக்கேன். சரியா?"

"படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினாள். டோரிக்கா கேட்டுவிட்டு, "ஈசலைப் போய் எழுதியிருக்கியே, மானம் போகுது," என்றாள். ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

செவ்வாய் மத்தியானத்திலிருந்து புதன் பொழுது சாய்வதுவரை தமந்தானி இருபது வீட்டுக்கும் மறுபடி நடந்தாள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். படிவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தாள். இந்தத் தடவை மரியாதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வாயில் போட்டதையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டாள். கேள்வியைக் கேட்டதும் ஊருக்கே குஷி பிறந்துவிட்டது. ஒருத்தி மகன் திருடித் தின்ற கரும்பையும் சேர்த்துச் சொன்னாள். ஒரு கிழவர், "புகையிலையும் வாயிலதான் போடுறேன், எழுதிக்கம்மா," என்றார். மாரித்தா தான் பறித்த காளானை யார் யார் வீட்டில் யார் யார் தின்றார்கள் என்று ஒப்பித்தாள். கடைசியில் எல்லோரும் ஒரே மாதிரி முடித்தார்கள்: "ஆனா சாப்பிடல, அதையும் எழுதிக்க."

வியாழக்கிழமை டாக்டர் லோங்வே வந்தார். வந்த வண்டி ஓடைக்கு அந்தப் பக்கமே சேற்றில் புதைந்துவிட்டது. டிரைவரை அங்கே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தே வந்து சேர்ந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, வடக்கே ங்கத்தா பே கரைக்காரி. அந்தப் பக்கத்துக்காரர்கள் களியை மரவள்ளி மாவில்தான் கிண்டுவார்கள். தெற்கத்திக்காரர்கள் அதைப் பசை என்று கேலி செய்வார்கள்.

டோரிக்கா மரத்தடியில் பாயை விரித்து, கைகழுவத் தண்ணீர் ஊற்றி, தட்டு நிறைய வேகவைத்த பூசணி, அவித்த துவரை, மாம்பழம் எல்லாம் வைத்தாள். வைத்த கையோடு ஒரு பெரிய கிண்ணத்தை இடுப்புத் துணிக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவினாள். மாவு இருக்கிற வீடு ஊரில் ஆறுதான். வீட்டுக்கு வந்த பெரிய மனுஷியைக் களி கிண்டிப் போடாமல் அனுப்பினால் அப்புறம் அவள் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

டாக்டர் லோங்வே மாம்பழத்தைத் தின்றுகொண்டே படிவங்களைப் புரட்டினார். நடந்து வந்த பசி. பூசணியும் காலியாகிக்கொண்டே வந்தது.

"பார்த்தியா? வந்துடுச்சுல்ல எல்லாம்? களி தின்னாத்தான் சாப்பாடுன்னு நினைக்கிறது நம்ம சனத்தோட பழைய வியாதி. நான் முதல் வருஷம் முதல் வாரத்துலயே நடத்துற பாடம் இது."

"ஆமா டாக்டர். பட்டியலைக் கேட்காம விட்டது என் தப்பு."

"ஒத்துக்கிட்டியே, சந்தோஷம். ஆனா இது என்ன ரெண்டு பதில்? சாப்பிடலைன்னும் இருக்கு, பதினோரு வகைன்னும் இருக்கு. கமிட்டியில சிரிப்பாங்க. முதல் பதிலை அடிச்சிடு."

அடித்துவிட்டால் இடம் கிடைத்துவிடும். பேனா தமந்தானியின் கையில்தான் இருந்தது.

"அடிக்க மாட்டேன் டாக்டர்."

"என்ன சொன்ன?"

"அவங்க சொன்ன ரெண்டும் நிஜம். பதினோரு வகை தின்னதும் நிஜம், சாப்பிடாததும் நிஜம். முதல் பதிலை அடிச்சிட்டா எங்க அத்தான் எதுக்குக் கூலிக்குப் போனார்னு இந்தக் காகிதத்தைப் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. பாதி ஊர் ஆம்பளைங்க இந்த மாசம் ஊர்ல இல்ல. எல்லாரும் இதுக்குத்தான் போயிருக்காங்க."

டாக்டர் லோங்வே அவளை ஒரு பார்வை பார்த்தார். பிடிவாதக்காரி என்று நினைத்தாரோ, மண்டு என்று நினைத்தாரோ, தெரியாது.

"இது ஆராய்ச்சி, தமந்தானி. ஆளாளுக்கு நினைக்கிறதையெல்லாம் சாப்பாடுன்னும் பட்டினின்னும் எழுத முடியாது. யோசிச்சுச் சொல்லு. அதுக்குள்ள நான் வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுறேன், வண்டி மாட்டிக்கிச்சுன்னு. எங்க எடுக்கும்?"

புற்றுக்கு அழைத்துப்போனாள். டாக்டர் ஒரு கையில் தின்று முடிக்காத மாம்பழத்தோடு, இன்னொரு கையில் கைப்பேசியோடு மூச்சு வாங்க மேலே ஏறினார். பட்டணத்து அம்மா புற்றேறுகிறார் என்றதும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். மாவுக் கிண்ணத்தோடு திரும்பிக்கொண்டிருந்த டோரிக்காவும் நின்றாள்.

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுங்க! வர நேரமாகும்! என்ன? கேட்கல! ... இல்லப்பா, இன்னும் இல்ல! காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல! ஆமா, பசி உயிர் போகுது!"

கீழே நின்ற டோரிக்கா கேட்டாள்:

"ஏட்டி தமந்தானி, காகிதம் கையில இருக்கா? பதினஞ்சாவது வீட்டை எழுதிக்க."

மாரித்தாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒருத்தி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். புற்றின்மேல் நின்ற டாக்டர் லோங்வே எல்லோரையும் பார்த்தார், தன் கையிலிருந்த மாம்பழத்தைப் பார்த்தார். சாறு முழங்கைவரை வழிந்திருந்தது. திடீரென்று அந்தக் கனத்த உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துப் புற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். கைப்பேசிக்குள் புருஷன் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எட்டு வருஷம்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எட்டு வருஷமா இதைத்தான் பாடம் நடத்துறேன்."

"என்ன தின்னீங்க டாக்டரம்மா, சொல்லுங்க, எழுதணும்ல," என்றாள் டோரிக்கா.

"வழியில ரெண்டு வாழைப்பழம். வறுத்த கடலை. அப்புறம் நீ வச்ச பூசணி முழுசும்." சொல்லிவிட்டுத் தமந்தானியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "அடிக்காத. ரெண்டும் இருக்கட்டும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதைத்தான் நீ ரெண்டு வருஷம் படிக்கப் போற. கமிட்டியில எவனாவது சிரிச்சா, எங்க பேராசிரியை பதினஞ்சாவது வீடுன்னு சொல்லு. நாளைக்கு முதல் வேலை உனக்குக் கையெழுத்துப் போடுறதுதான்."

தமந்தானி புற்றடியில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான். மாரித்தா குலவையிட, கூட நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

களி வெந்து இறங்கியபோது ஓடைப் பக்கத்திலிருந்து நல்ல வெயில் அடித்தது. இரவல் மாவு, அளவாகத்தான் இருந்தது. டாக்டருக்கு மூன்று உருண்டை, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, தமந்தானிக்கு ஒன்று, டோரிக்காவுக்கு ஒன்று. எல்லோரும் பாயைச் சுற்றி உட்கார்ந்து, பூசணிக் கீரைக் குழம்பில் தொட்டுத் தொட்டுத் தின்றார்கள். அவ்வளவு ருசி.

"இது பசை இல்லையே, டாக்டரம்மா?" என்றாள் டோரிக்கா.

"எங்க ஊர்க் களி அளவுக்கு வராது. பரவாயில்ல." டாக்டர் விரலை நக்கிக்கொண்டார். "நல்லாத் தின்னுக்க தமந்தானி. ஜூன்லருந்து ஆறு மாசம் நார்வே."

டோரிக்காவின் கை பாதி வழியில் நின்றது. தங்கச்சியைப் பார்த்தாள். தமந்தானி தலை நிமிரவில்லை.

"அது எங்க இருக்கு?"

"ரொம்ப வடக்க. கடல் தாண்டி. பனி கொட்டுற தேசம்."

"ஆறு மாசமா?" டோரிக்கா குரல் சின்னதாகிவிட்டது. "போகட்டும், போகத்தானே வேணும்... டாக்டரம்மா, அங்க களி கிடைக்குமா?"

"கிடைக்காது. ரொட்டி, உருளைக்கிழங்கு, மீன். பால், பாலாடைக்கட்டி. எல்லாம் ஏராளமா கிடைக்கும்."

"தினமும் அதுதானா?"

"தினமும்."

"அப்படின்னா ஆறு மாசமும் என் பிள்ளை சாப்பிடவே மாட்டாளா?"

டாக்டர் லோங்வே சிரிக்கத்தான் வாயெடுத்தார். டோரிக்காவின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டோரிக்கா தன் தட்டிலிருந்த உருண்டையை இரண்டாகப் பிய்த்தாள். பெரிய பாதியைத் தங்கச்சி தட்டில் வைத்தாள்.

"தின்னுடி," என்றாள். "இப்பவே தின்னு வச்சுக்க."

அது ஊர் முழுக்க அலைந்து இரவல் வாங்கிய மாவு என்றும், பதினோரு நாளைக்குப் பிறகு அக்கா தட்டுக்கு வந்த முதல் களி என்றும் தமந்தானிக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துளி மிச்சம் வைக்காமல் தின்றாள்.